புதுசா, செகண்ட் ஹேண்டா?

1

யாராவது வண்டி வாங்கப் போகிறேன் என்று சொன்னால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். மொபெட் ஆனாலும் சரி, டிராக்டர் ஆனாலும் சரி. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் எழுதும் கடிதங்களில் "இந்த வருசம் ஒரு வண்டி எடுத்திருக்கிறோம்" என்ற வரி வந்தால் கடிதத்தை அந்த இடத்திலேயே மடித்து வைத்துவிடுவேன். மனது திடமாக இருக்கும் ஒரு நாளில் மீதியைப் படிப்பேன். நாற்பத்தைந்து வயதுக்காரி இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று இத்தனை நாள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது என் வீட்டிலேயே அந்தப் பேச்சு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் நடராசுக்கு இந்த வருடம் ஐம்பது முடிகிறது. ஊராக இருந்தால் குலதெய்வத்துக்கு ஒரு பொங்கல் வைத்துவிட்டு வந்திருப்பார். இங்கே ஜெர்மனியில், நூற்பாலை இயந்திரம் செய்யும் கம்பெனியில் பதினெட்டு வருடம் உழைத்துவிட்டாராம், அதனால் ஸ்போர்ட்ஸ் கார் கேட்கிறது. சட்டைப் பித்தான் விழுந்தால் அதைத் தேடி எடுத்து வைத்துக்கொள்கிற மனிதர் அவர். டீத்தூள் பையை இரண்டு தடவை முக்கி எடுப்பவர். அவருக்குள் இப்படி ஓர் ஆசை எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அது சாதாரணக் கார் இல்லை. இரண்டே கதவு, இரண்டே சீட்டு. மற்ற காரில் ஏறுவோம், இதில் இறங்க வேண்டும். உட்கார்ந்தால் ரோடு நம் இடுப்புக்கு மேலே இருப்பதுபோலத் தெரியும்.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிக்குப் பதில் ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். வரைபடத்தாள் ஒன்றை எடுத்து நடுவில் கோடு கிழித்தார். எதை முடிவு செய்வதானாலும் அப்படித்தான் செய்வார். ஒரு பக்கம் புதுசு: எட்டு மாதம் காத்திருக்க வேண்டும், நிறத்தை நாமே சொல்லலாம், கம்பெனி உத்தரவாதம் உண்டு. இன்னொரு பக்கம் பதினான்கு மாதமே ஓடிய வண்டி: உடனே கிடைக்கும், கரும்பச்சை நிறம், முன்பு வைத்திருந்தவர் ஒரு பல் டாக்டர். எழுதி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சரசு, புதுசா எடுக்கறதா, செகண்ட் ஹேண்டா? நீ என்ன சொல்ற?"

அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அடுப்பில் பால் எதுவும் இல்லை. வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

2

இதே கேள்வியை ஐந்து வருடத்துக்கு முன் என்னை இன்னொருவர் கேட்டிருந்தார். என் அண்ணன் துரைசாமி. கிணத்துக்கடவில் தேங்காய் வியாபாரம் செய்தார். தோப்புத் தோப்பாகப் போய்க் காய் எடுத்து, கோயமுத்தூருக்கு அனுப்புவார். வாடகை வண்டிக்காரர்களோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், சொந்தமாக ஒரு வேன் வாங்கலாம் என்று நினைத்திருக்கிறார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து எனக்குப் போன் செய்தார். கண்ணாடிக் கூண்டுக்குள் சிவப்பு எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். அவரோ, சாப்பிட்டாயா, பையன் சாப்பிட்டானா, மாப்பிள்ளை வேலைக்குப் போயிருக்கிறாரா, அங்கே மழை உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார்.

"ஏங்கண்ணு, வேன் ஒண்ணு எடுக்கலாம்னு இருக்கறன். புதுசா எடுக்கறதா, செகண்ட் ஹேண்டுல ஒண்ணு நல்லா இருக்குது, அதை எடுக்கறதா? நீ என்ன சொல்ற?"

உண்மையைச் சொல்கிறேன். அவர் பணம் கேட்கப் போகிறாரோ என்று எனக்கு முதலில் பயம் வந்தது. நாங்கள் அப்போதுதான் இந்த வீட்டை வாங்கியிருந்தோம். அண்ணன் அதற்கு முன்னும் கேட்டதில்லை, அன்றும் கேட்கவில்லை. ஆனாலும் என் வாய் முந்திக்கொண்டது.

"புதுசு எதுக்குங்கண்ணா? செகண்ட் ஹேண்டே எடுத்துப்போடுங்க."

"அப்பச் செரி கண்ணு. நீயே சொல்லிப்போட்ட" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

நான்கு மாதம் கழித்து, ஒத்தக்கால்மண்டபம் தாண்டி, காய் பாரத்தோடு அந்த வேன் புளியமரத்தில் மோதியது. பிரேக் பிடிக்கவில்லை என்றார்கள். இல்லை, டயர் வெடித்தது என்றார்கள். அண்ணனே ஓட்டிக்கொண்டு போயிருந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

என் பாஸ்போர்ட் அப்போது இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில், தங்குமிட அனுமதியைப் புதுப்பிப்பதற்காகக் கிடந்தது. போய் அழுதேன். அந்த அலுவலகத்துப் பெண் கெட்டவள் இல்லை. தண்ணீர் கொடுத்தாள், தோளைத் தட்டினாள். ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவர் விடுமுறையில் இருந்தார். அவர் வந்து, முத்திரை குத்தி, பாஸ்போர்ட் கைக்கு வந்தபோது ஊரில் அண்ணனை எடுத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அண்ணன் மனைவி, என் நங்கை பாப்பாத்தி, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பத்து நாள் அந்த வீட்டில் இருந்தேன், பத்து நாளும் பார்க்கவில்லை.

வேனைப் பற்றி நான் சொன்ன சொல் யாருக்கும் தெரியாது. நடராசுக்கும் தெரியாது.

3

ஆகவே இவர் கேட்டபோது எதைச் சொல்வது? செகண்ட் ஹேண்ட் என்ற வார்த்தை என் வாயிலிருந்து இனி வராது. புதுசு என்று சொல்லி அதில் ஏதாவது ஆகிவிட்டால், அப்புறம் நான் உயிரோடு இருக்க முடியாது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர் புதுசுப் பக்கம் சாய்ந்தால் நான் பழசுக்காகப் பேசுவேன். பழசுப் பக்கம் வந்தால் புதுசை இழுப்பேன். இப்படியே கடத்திக்கொண்டு போனால் அவருக்கு அறுபது வயதாகிவிடும், ஆசை தானாக அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டேன்.

புது வண்டி காவு கேட்கும் என்றேன். ஊரில் லாரிக்காரர்கள் முனியப்பனுக்குக் கோழி அறுத்துவிட்டுத்தானே எடுக்கிறார்கள், இங்கே நம் தோட்டத்தில் கோழி அறுத்தால் பக்கத்து வீட்டுக்காரி போலீசைக் கூப்பிடுவாளே என்றேன். அவர் யோசித்துவிட்டு, அப்படியானால் ஓடிய வண்டியே தேவலை என்றார். உடனே நான், அது ஏற்கெனவே யாரையாவது காவு வாங்கியிருந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். எம்.எஸ்ஸி. படித்தவள் பேசுகிற பேச்சா இது என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வரைபடத்தாளில் இன்னொரு கோடு போட்டார்.

ஒரு சனிக்கிழமை அந்தக் கரும்பச்சை வண்டியைப் பார்க்க எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். இருவர் என்றால் நானும் எங்கள் பையன் கார்த்தியும். அவனுக்குப் பத்தொன்பது வயது. கடைக்காரர் காகிதங்களை எடுத்து வைத்தார். இந்த ஊரில் ஒவ்வொரு காருக்கும் ஒரு ஜாதகம் உண்டு. பிறந்த தேதி, யார் யாரிடம் இருந்தது, எப்போது பரிசோதனை, எல்லாம் அதில் இருக்கும். யார் யாரை அது கொன்றது என்பதற்கு மட்டும் கட்டம் கிடையாது.

நானே கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். விபத்துக்கு இவர்கள் மொழியில் ஒரு சொல். குப்பைக்குக் கிட்டத்தட்ட அதே ஓசையில் இன்னொரு சொல். இந்த வண்டியில் குப்பை உண்டா என்று நான் கேட்டிருக்கிறேன். கடைக்காரர் மரியாதையாக, உள்ளே நன்றாகக் கூட்டிவிட்டோம் அம்மா என்றார். கார்த்திக்குக் காது சிவந்துவிட்டது.

ஆனால் அந்தக் கடையில் அவன் முகத்தைப் பார்த்தேன். வண்டிக்குள் இறங்கி, ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். அவன் அப்பா குனிந்து ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன. அவன் எங்களோடு பேசுவது ஜெர்மன். அவன் கடைசியாகக் கோயமுத்தூருக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. அப்பாவும் மகனும் பேசிக்கொள்ள ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நானோ, நேரமாகிறது என்று இருவரையும் வெளியே கிளப்பினேன்.

அடுத்த வாரம் மேஜைமேல் இன்ஷூரன்ஸ் கம்பெனி அனுப்பிய விசாரணைப் படிவம் கிடந்தது. இருபத்தைந்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர் யாராவது இந்த வண்டியை ஓட்டுவார்களா என்று ஒரு கேள்வி. அதற்கு நேரே என் வீட்டுக்காரர் தன் அழகான கையெழுத்தில் "ஆம்" என்று எழுதி, மகன் பெயரைப் போட்டிருந்தார். இந்த நாட்டு நெடுஞ்சாலையில் பல இடங்களில் வேகத்துக்கு வரம்பே கிடையாது. ரயில் போகிற வேகத்தைத் தாண்டிப் போவார்கள், ஒருவரும் கேட்க முடியாது. அந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

கார்த்தியிடமே போய், பழைய வண்டி ராசியில்லை, நீயாவது அப்பாவிடம் சொல் என்றேன். அவனுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. பயமாக இருக்கிறது என்றால் பயமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியதுதானே அம்மா, எதற்கு ராசி, எதற்கு முனியப்பன் என்று கேட்டான். ஜெர்மனில் கேட்டதால் இன்னும் சுருக்கென்று இருந்தது. எனக்கென்ன பயம் என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டேன்.

4

இந்த நிலைமையில் அண்ணனின் ஐந்தாம் வருடத் திதி வந்தது. நான் மட்டும் ஊருக்குப் புறப்பட்டு வந்தேன். புறப்படும் அன்று காலையிலும் இவர் விடவில்லை. புதுசா, செகண்ட் ஹேண்டா, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்றார். வந்து சொல்கிறேன் என்றேன்.

கிணத்துக்கடவில் பஸ்ஸை விட்டு இறங்கினால் நங்கை மொபெட்டோடு நிற்கிறாள். அண்ணன் இருந்தபோது பின்சீட்டில் ஒருபக்கமாக உட்காரவே பயந்தவள். என் பெட்டியை முன்னால் கால்வைக்கும் இடத்தில் நிறுத்தி, என்னைப் பின்னால் உட்காரச் சொல்லி, பொள்ளாச்சி ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஓட்டிக்கொண்டு போனாள். நான் அவள் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். வீட்டு வாசலில் ஒரு வேன் நின்றது. போன வருடம் அவளே வாங்கியதாம், புதுசு. தேங்காய் வியாபாரத்தை இப்போது அவள்தான் நடத்துகிறாள்.

திதி முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுப் போன பிற்பகல். நங்கை கொட்டிக் கிடந்த காய்களைத் தட்டிப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் அழுகலை இன்னொரு பக்கமும் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஜெர்மனியில் எங்கள் வீட்டில் நடக்கும் கார்க் கூத்தைச் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துக் கேட்டாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ உடைந்துபோயிற்று. நங்கை, அந்த வேனை எடுக்கச் சொன்னது நான்தான் என்றேன். பூத்திலிருந்து அண்ணன் கேட்டதும், நான் சொன்னதும், பணம் கேட்பாரோ என்று நான் பயந்ததும், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்துத் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என்னை அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவள் கையிலிருந்த காயைத் தட்டாமல் சும்மா வைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மணி, அந்த வேன் அதுக்கு ரெண்டு நாள் முந்தியே ஊட்டு முன்னால வந்து நின்னுபோச்சுங்க. சந்தனம் தெளிச்சு, குங்குமம் வெச்சு, எலுமிச்சங்காய் நசுக்கியாச்சு. அப்பறந்தான் பூத்துக்குப் போனாரு. பொறந்தவளை ஒரு வார்த்தை கேக்காம எப்படீன்னு போனாருங்க."

எனக்குக் கொஞ்ச நேரம் எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது. நம் பக்கத்து வழக்கம் அது. எல்லாவற்றையும் முடித்துவிட்டு, அச்சாரமும் கொடுத்துவிட்டு, கூடப் பிறந்தவள் வீட்டுக்குப் போய் "செய்யலாமா, நீ என்ன சொல்ற?" என்று கேட்பார்கள். அதற்கு உண்டான பதில், "செய்யுங்கண்ணா, நல்லா இருக்கட்டும்" என்பதுதான். என் அம்மா அவள் அண்ணன்மாருக்கு அப்படித்தான் சொல்வாள். கிணறு வெட்டும் இடத்தில் தண்ணீர் வந்த பிறகு வந்து கேட்ட மாமன்கூட உண்டு. கேள்வி என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்ற நாட்டில் பதிமூன்று வருடம் இருந்துவிட்டு, நான் அந்த மரியாதைக்கு நிஜமாகவே பதில் சொல்லித் தொலைத்திருக்கிறேன். அது அவர் ஏற்கெனவே வாங்கிய வண்டிக்குப் பொருந்திவிட்டது. அதனால்தான் அண்ணனுக்கு அத்தனை சந்தோஷம்.

நான் புதுசு என்று சொல்லியிருந்தால் என்று கேட்டேன்.

"அப்பவும் செரி கண்ணுன்னுதான் சொல்லியிருப்பாரு. பொம்பளை சொல்லைக் கேக்கறவரா இருந்திருந்தா, என்ற சொல்லைத்தானுங்க மொதல்ல கேட்டிருப்பாரு. அந்த வண்டி வேண்டாம்னு மூணு நாள் நாஞ் சோறே திங்கல."

சொல்லிவிட்டுக் காயைத் தட்டினாள். அழுகல் பக்கம் போட்டாள்.

நான் அழுதேன். ஐந்து வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது என்றுதான் முதலில் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வேறொன்று வந்தது. அது முன்னதைவிட மோசம். என் சொல்லால் ஓர் ஆள் செத்தான் என்று நம்பியபோது, என் சொல்லால் ஓர் ஆளைக் காப்பாற்றவும் முடியும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதற்காகத்தான் அங்கே அத்தனை மாதம் முனியப்பனையும் கோழியையும் பேசினேன். இப்போது பார்த்தால், என் சொல்லுக்கு எங்கேயும் எந்த வேலையும் இருந்ததில்லை. வண்டி அதுபாட்டுக்கு வந்து நிற்கும், அதுபாட்டுக்குப் போகும். பையனும் அதில் போவான்.

5

மறுநாளே அதே பூத்துக்குப் போய் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். எடுத்ததும் நான் நலம்கூட விசாரிக்கவில்லை.

"ஏனுங்க, வண்டி எடுத்தாச்சுங்களா?"

பூத்தில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. கடைசியில் வாயைத் திறந்தார். அந்தக் கரும்பச்சை வண்டிதானாம். நாங்கள் மூவரும் போய்ப் பார்த்த சனிக்கிழமையே, கார்த்தியையும் என்னையும் வெளியே நிற்க வைத்துவிட்டு, மறந்துபோன கண்ணாடிக் கூட்டை எடுத்து வருவதாகச் சொல்லி உள்ளே போனாரே, அப்போது கையெழுத்துப் போட்டுவிட்டாராம். நான் ஊருக்குப் போகும்வரை வண்டியைக் கடையிலேயே விட்டு வைத்திருந்தாராம்.

அப்புறம் எதற்கு இரண்டு மாதமாக என்னைக் கேட்டீர்கள் என்றேன்.

"அதெப்படி சரசு, உன்னை ஒரு வார்த்தை கேக்காமச் செய்வனா?"

அவர் குரலில் துளிக்கூடக் கள்ளம் இல்லை. உண்மையாகவே மனம் நொந்து கேட்டார். வெள்ளகோவில்காரர், எத்தனை வருடம் எந்த நாட்டில் இருந்தாலும் மரியாதை தெரிந்தவர். நான் கோபப்பட முடியாமல் போனை வைத்தேன். நல்லா இருக்கட்டும் என்று சொல்லாமல்தான் வைத்தேன். அந்த மட்டுக்கும் என் ரோசம்.

6

ஃப்ராங்ஃபர்ட் விமான நிலையத்தில் கார்த்தி மட்டும் வந்திருந்தான். வண்டியில் இரண்டு சீட்டுத்தானே, அதனால் அப்பா வரவில்லை என்றான். சாவி அவன் விரலில் இருந்தது.

என் பெட்டியை இழுத்துக்கொண்டு வண்டி நிறுத்தும் கட்டடத்துக்கு நடந்தான். நான் பின்னால் போனேன். விமானத்தில் இரவெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு ஒன்றரை மணி நேரம், நெடுஞ்சாலை. இவன் ஓட்டுவான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஏதாவது ஆனால் இரண்டு பேருக்கும் சேர்த்து ஆகட்டும் என்றுகூட நினைத்துவிட்டேன். ஒரு தாய் நினைக்கிற நினைப்பா அது? ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

கரும்பச்சை வண்டி தரையோடு தரையாகப் படுத்திருந்தது. கார்த்தி அதைத் திறக்கவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அவன் தமிழ் எனக்குத் தெரியும். வார்த்தைகளைத் தேடித் தேடி, தப்பாகிவிடுமோ என்று பார்த்துப் பார்த்துப் பேசுவான்.

"அம்மா, நான் ஓட்டலாமா? இல்லே, ட்ரெயின்ல போலாமா?"

செய்யுங்கண்ணா, நல்லா இருக்கட்டும் என்கிற பதில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நம் வழக்கப்படி அதுதான் சரி. பையன் ஆசையாக வண்டி கொண்டுவந்திருக்கிறான், மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்கிறான், வா கண்ணு போலாம் என்று உள்ளே இறங்கி உட்கார வேண்டியதுதான்.

ஆனால் அவன் கேட்டுவிட்டுச் சும்மா நின்றான். கதவுப் பக்கம் கை போகவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு நம் வழக்கம் தெரியாது. நான் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. அவன் நிஜமாகவே கேட்டிருந்தான்.

"ட்ரெயின்ல போலாங்கண்ணு" என்றேன். "எனக்குப் பயமா இருக்குது."

அவன் சிரிப்பான், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வான் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் செய்யவில்லை. "சரிம்மா" என்று சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு ரயில் நிலையத்துப் பக்கம் திரும்பினான். நாளைக்கு அவன் அப்பாவோடு வந்து அதை எடுத்துக்கொண்டு போவான். அடுத்த ஞாயிறு அதில் போவான். நான் ஜன்னலில் நின்று காத்திருப்பேன், அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும், என் சொல்லுக்கு ஒரு வண்டி நின்றது அன்றுதான்.